அமைதியாகத்தானே பேசினேன், சண்டை ஏன் பெரிதானது?

விடியற்காலை
செவ்வாய், இரவு 9.50

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். டியூட்டி லிஸ்ட் போடுவது என் பொறுப்பு. அதாவது மாதம் ஒரு முறை பதினான்கு பேருடைய மனஸ்தாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வது என் பொறுப்பு.

மூன்று மாதம் முன்பு எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, இமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வு நுண்ணறிவு. கடைசியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'கோபம் வந்தால் கட்டுப்படுத்திக்கொள்வேன்', 'அடுத்தவர் மனநிலை எனக்குச் சட்டென்று புரியும்' என்று நாற்பது வரிகள். ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். எங்கள் குழுவில் எனக்குத்தான் அதிகம். கைதட்டினார்கள்.

போன வாரம் காலை 7.30, நைட் டியூட்டிக்காரர்கள் பகல் டியூட்டிக்காரர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நேரம். நைட் முடித்த ஒரு சிஸ்டர் நேராக என் மேசைக்கு வந்தார். கையில் போன், அதில் புது லிஸ்ட்டின் படம். "எனக்கு மட்டும் எப்படி சிஸ்டர் தொடர்ந்து மூணாவது வாரமும் நைட் வருது?" குரல் உயர்ந்துவிட்டது. பகல் டியூட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கத்தவில்லை. முகத்தில் எதையும் காட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க முதல்ல அமைதியா பேசுங்க. இப்ப ரொம்ப எமோஷனலா இருக்கீங்க, அப்புறமா பேசிக்கலாம்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்ககிட்ட பேசறதும் சுவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து நோயாளி விவரம் தவிர எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. பயிற்சியில் சொன்னபடிதானே செய்தேன்? பிறகு ஏன் இப்படி?


ஒற்றை வரி
செவ்வாய், இரவு 10.04

தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் தேர்வில் யார்தான் ஃபெயில் ஆவார்கள்?


பழைய பேனா
செவ்வாய், இரவு 10.41

ஒற்றை வரி கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. உளவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

இந்தப் பெயரில் ஒரு கருத்தாக்கத்தை வரையறுத்து முதலில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும். ஆண்டு 1990. 1997இல் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். முகத்திலும் குரலிலும் உணர்ச்சியைக் கண்டுகொள்வது, அந்த உணர்ச்சியைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வருகிறது எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, கடைசியாக அதை நிர்வகிப்பது. நான்காவது கடைசியில் வருவதைக் கவனியுங்கள். முதல் மூன்றும் இல்லாமல் நான்காவது மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் அடக்குதல்.

இடையில் 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு தன்னம்பிக்கை, விடாமுயற்சி, நேர்மை என்று நல்ல குணங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். பயிற்சி வகுப்புகளுக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கூடைதான்.

மேயரும் சலோவேயும் டேவிட் கருசோவுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட தேர்வில் 'உனக்குப் புரியுமா' என்ற கேள்வியே இருக்காது. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி இதில் எந்த உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று கேட்பார்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இதில் எது நன்றாக வேலை செய்யும் என்று கேட்பார்கள். கணக்கு வருமா என்று கேட்பதற்கும் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். இந்த இரண்டு வகைத் தேர்வின் முடிவுகளும் ஒன்றோடொன்று பெரிதாக ஒத்துப்போவதில்லை. உங்களுக்குக் கிடைத்த கைதட்டல் உங்களைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு, அம்மா. தப்பாக நினைக்காதீர்கள்.


மூன்றாம் மாடி
செவ்வாய், இரவு 11.15

விடியற்காலை, "முகத்தில் எதையும் காட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் சந்தேகம்.

2003இல் எமிலி பட்லரும் ஜேம்ஸ் கிராஸும் மற்றவர்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு இரண்டு பெண்களை உட்கார வைத்து, மனதைக் கலங்கடிக்கும் ஒரு படத்தைக் காட்டி, பிறகு அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும் ரகசியமாக, 'உன் உணர்ச்சி எதுவும் வெளியே தெரியாமல் பேசு' என்று சொல்லி வைத்தார்கள். எதிரே இருந்தவருக்கு இது தெரியாது. ஆனால் எதிரே இருந்தவரின் ரத்த அழுத்தம் ஏறியது. இவரோடு நட்பாக இருக்கலாம் என்ற விருப்பமும் குறைந்தது.

அதாவது நீங்கள் மூடி வைத்தது பேனாவை மட்டும் இல்லை. அவர் தன் படபடப்புக்கு உங்கள் முகத்தில் ஏதாவது பதில் கிடைக்குமா என்று தேடியிருப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. சுவர் என்று அவர் சொன்னது திட்டு இல்லை, விவரிப்பு.


விடியற்காலை
புதன், காலை 6.20

இரவெல்லாம் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் கடுப்பாகவே இருக்கிறேன். அப்படியென்றால் நானும் பதிலுக்குக் கத்தியிருக்க வேண்டுமா? பக்கத்தில் இருபது நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். "மனசுல இருக்கறத கொட்டிடணும், அப்பதான் ஆறும்" என்று சொல்கிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். கொட்டியதை யார் அள்ளுவது?


பழைய பேனா
புதன், காலை 8.02

கத்த வேண்டாம். கொட்டினால் ஆறும் என்பது பழைய நம்பிக்கை, சோதித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 மாணவர்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் மட்டமாகத் திட்டியதாகக் காட்டிக் கோபப்படுத்தினார்கள். ஒரு பிரிவினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமானது. சும்மா இருந்தவர்கள்தான் அடுத்த கட்டத்தில் எதிராளியிடம் குறைவான ஆவேசம் காட்டினார்கள்.

ஆனால் கொட்டுவதற்கும் மூடுவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பெயர் சொல்வது. மேத்யூ லீபர்மன் குழு 2007இல் மூளையைப் படம் எடுத்துக்கொண்டே செய்த பரிசோதனையில், கோபமான அல்லது பயந்த முகத்தைப் பார்க்கும்போது அதற்குப் பொருத்தமான உணர்ச்சிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிந்தது. அந்த முகத்துக்கு ஒரு ஆள் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அப்படித் தணியவில்லை. உணர்ச்சிக்கான சொல் தனியாக ஒரு வேலை செய்கிறது.

அன்று காலை உங்களுக்குள் என்ன இருந்தது? ஒரு சொல்லில் சொல்லுங்கள், பார்ப்போம்.


விடியற்காலை
புதன், காலை 8.30

கோபம்தான்.


மூன்றாம் மாடி
புதன், காலை 9.10

குறுக்கே வருகிறேன், சார்.

கோபம் என்பது நாம் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் பெட்டி. தமிழில் அதற்குள் எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள். எரிச்சல் வேறு, கடுப்பு வேறு. ஆதங்கம் என்றால் நம்மவர் என்று நினைத்தவர் இப்படிச் செய்துவிட்டாரே என்பது. முன்பின் தெரியாதவர் மேல் யாருக்கும் ஆதங்கம் வராது. மனத்தாங்கல் என்றால் வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருப்பது, பெரும்பாலும் பழசு. ரோஷம் என்றால் நாலு பேர் முன்னால் நம் மதிப்புக்கு ஏதோ ஆகிவிட்டது. ஆற்றாமை என்றால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பு, அது வெளியே வரும்போது கத்தலாகத்தான் வரும். பொருமல், புழுக்கம், கறுவல் என்று இன்னும் போய்க்கொண்டே இருக்கலாம்.

இது வெறும் அகராதி விளையாட்டு இல்லை. லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற ஆய்வாளர், உணர்ச்சிகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து அறிகிறோம் என்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்துவருகிறார். எல்லாவற்றையும் 'மோசமாக இருக்கிறது' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறவர்களைவிட, பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு உணர்ச்சியைக் கையாள்வது எளிதாக இருக்கிறது. யோசித்தால் நியாயமாகவே படுகிறது. எரிச்சல் என்றால் கொஞ்சம் தூங்கினால் போதும். ஆதங்கம் என்றால் பேசித்தான் ஆக வேண்டும். ரோஷம் என்றால் தனியாக, ஆள் இல்லாத இடத்தில் பேச வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்தச் சாவி போடுவது?

உங்களுக்கு இருந்தது கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை.


விடியற்காலை
புதன், பகல் 1.45

சாப்பாட்டு நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். ரோஷம். ஜூனியர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் என்னைக் கேள்வி கேட்டுவிட்டாரே என்பதுதான் முதலில் வந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது, எழுதவே தயக்கமாக இருக்கிறது. அவர் சொன்னது சரி. மூன்றாவது வாரமும் நைட் போட்டது என் கவனக்குறைவு. இரண்டு பேர் லீவு கேட்டதும் பெயரை மாற்றி மாற்றிப் போட்டதில் நடந்தது. அவர் கேட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.


ஒற்றை வரி
புதன், பகல் 1.52

ஆக "அமைதியா பேசுங்க" என்றால் "என் தப்பைப் பற்றிப் பேசாதீங்க" என்று அர்த்தம்.


விடியற்காலை
புதன், பகல் 1.58

சரி.


ஒற்றை வரி
புதன், பகல் 2.10

கோபமா? நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து 'சரி' என்றால் என்ன அர்த்தம்?


விடியற்காலை
புதன், பகல் 2.31

அட, ஒப்புக்கொண்டுதான் சரி என்றேன்! வார்டில் பெல் அடித்தது, அவசரமாகத் தட்டிவிட்டு ஓடினேன்.


நூல்கண்டு
புதன், பகல் 3.05

இந்த இழையிலேயே ஒரு மாதிரி மோதல் நடந்து முடிந்துவிட்டது. ஜஸ்டின் க்ரூகர் குழு 2005இல் காட்டியது இதைத்தான். கிண்டலா நிஜமா என்பது படிப்பவருக்கு விளங்கும் என்று மின்னஞ்சல் எழுதியவர்கள் 78 சதவீதம் அளவுக்கு நம்பினார்கள். உண்மையில் விளங்கியது 56 சதவீதம். பூவா தலையா போட்டாலே ஐம்பது கிடைக்கும். எழுதும்போது நம் தொனி நம் காதில் கேட்கிறது, படிப்பவருக்குக் கேட்பதில்லை. 'சரி', 'சரிங்க', 'சரி சரி', 'ம்' என்பதில் எது சம்மதம், எது சலிப்பு என்று எழுத்தில் கண்டுபிடிக்கத் தனிப் படிப்பே வேண்டும்.


எதிர்க்காற்று
புதன், மாலை 6.40

எல்லாரும் மூளை, சொல் என்று நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். லிஸ்ட் போடும் கை யாருடையது?

விடியற்காலை அவர்களால் அமைதியாக இருக்க முடிந்ததற்கு முதல் காரணம் உணர்வு நுண்ணறிவு இல்லை. பேனா அவர் கையில் இருந்தது. மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டவர் எதிரே நிற்கிறார், காலையில் குளித்துவிட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு அமைதி எளிது? அதிகாரம் உள்ளவருக்கு அமைதி இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு அதையே அளவுகோலாக்கி, கீழே இருப்பவருக்குப் 'பக்குவம் போதாது' என்று முத்திரை குத்துவார்கள். எத்தனை அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல வந்தவர் கடைசியில் தன் குரலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். குறை அப்படியே மேசையில் கிடக்கும்.

நிர்வாகங்கள் இந்தப் பயிற்சிகளை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆள் பற்றாக்குறையை ஆள் போட்டுத்தான் தீர்க்க முடியும். மூச்சுப் பயிற்சியில் தீராது.


பழைய பேனா
புதன், இரவு 8.15

எதிர்க்காற்று சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். ஒரு தகவல் மட்டும். உணர்வு நுண்ணறிவுக்கும் மோதலை ஆக்கபூர்வமாகக் கையாள்வதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2013இல் வந்தது. தொடர்பு இருக்கிறது என்றுதான் முடிவு. ஆனால் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களைவிட அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம்தான் அது வலுவாகத் தெரிந்தது. கீழே இருப்பவருக்கு வேறு கருவி இல்லை, இதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்று நான் அதைப் படிக்கிறேன். இது என் வாசிப்பு, அவர்கள் தலையில் கட்ட மாட்டேன்.


நூல்கண்டு
புதன், இரவு 9.00

அதிகாரம் என்றதும் எனக்கு என் பழைய மேலாளர் ஞாபகம். முகத்தைப் பார்த்தே மனதைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யாருக்கு வீட்டில் பிரச்சினை, யாருக்குப் பாராட்டு தேவை, யார் தனித்துவிடப்பட்டால் பயப்படுவார் என்று எல்லாம் தெரியும். இரண்டு பேர் அவருக்கு எதிராகச் சேரும்போதெல்லாம் ஒருவரை அழைத்து, "உன்ன பத்தி அவர் அப்படி சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்று தோளில் கை போட்டுச் சொல்வார். அவ்வளவுதான். அடுத்த நாள் அந்த இருவரும் எதிரிகள். குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை.

ஸ்டெஃபான் கோட்டே குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அவரையே விளக்கியது. உணர்ச்சியைக் கையாளும் அறிவு நல்லெண்ணம் உள்ளவர்களிடம் நல்லதற்கும், சூழ்ச்சிக் குணம் உள்ளவர்களிடம் சக ஊழியர்களை அவமானப்படுத்துவதற்கும் பயன்பட்டது. கத்திக்கு யார் கை என்று தெரியாது. அதனால் 'உணர்வு நுண்ணறிவு உள்ளவர் நல்லவர்' என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.


சும்மா ஒரு ஆள்
புதன், இரவு 11.48

இங்கே எல்லாரும் அலுவலகம் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வீட்டிலிருந்து வருகிறேன். நான்தான் எங்கள் வீட்டுச் சுவர்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். சண்டை என்றால் நான் வாயை மூடிவிடுவேன். எனக்கு அது பெருந்தன்மை. பதில் பேசினால் பெரிதாகும் என்று நினைப்பேன். மனைவிக்கோ அதுதான் பற்றி எரியும். "ஏதாவது பேசுங்களேன்" என்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். ஒரு நாள் கையில் கட்டியிருந்த வாட்ச் இதயத்துடிப்பு 112 என்று காட்டியது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், 112! அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் அமைதியாக இல்லை, உறைந்து போயிருக்கிறேன் என்று.

ஜான் காட்மன் தம்பதிகளைப் பல வருடம் கவனித்து எழுதியதைப் பிறகுதான் படித்தேன். துடிப்பு நூறைத் தாண்டினால் எதிரே பேசுவது காதில் ஏறுவதே கஷ்டம் என்கிறார். ஒரு பரிசோதனையில் சண்டையின் நடுவில், 'கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அதுவரை இதைப் பற்றிப் பேசாமல் பத்திரிகை படியுங்கள்' என்று அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். திரும்ப ஆரம்பித்தபோது அதே ஜோடிகள் வேறு ஆட்கள் மாதிரிப் பேசினார்கள். குறைந்தது இருபது நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த இருபது நிமிடத்தில் மனதுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை.

இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்று. எழுந்து போவதற்கு முன்னால், "எனக்கு இப்ப மண்டைக்குள்ள எதுவும் ஏறல. ஒம்பது மணிக்கு வந்து பேசறேன்" என்பேன். ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். முதல் மூன்று தடவை அவள் நம்பவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "அப்புறமா பேசிக்கலாம்" என்பதில் மணி இல்லை. விடியற்காலை மேடம், நீங்கள் சொன்னதும் அதுதான்.


எதிர்க்காற்று
வியாழன், காலை 7.12

சும்மா ஒரு ஆள், உங்கள் பதிவுதான் இதுவரை வந்ததில் உருப்படியானது. என் வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கிறது.


மூன்றாம் மாடி
வியாழன், காலை 10.30

ஜன்னல் என்றதும் இன்னொன்று. மேலாண்மை பற்றி எழுதிய மேரி பார்க்கர் ஃபாலெட் 1925இல் ஆற்றிய உரை ஒன்றில் ஒரு சின்ன சம்பவம் சொல்கிறார். ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சிறிய அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறக்கலாமா என்று பேரம் பேசவில்லை. ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டியது வாடைக் காற்று நேராகத் தன் மேல் அடிக்காமல் இருப்பது. இரண்டும் கிடைத்துவிட்டன. இது சமரசம் இல்லை என்று அழுத்திச் சொல்கிறார். சமரசத்தில் இருவரும் ஏதோ ஒன்றை இழப்பார்கள்.

நாம் 'விட்டுக்கொடுத்துப் போ' என்பதை எல்லாச் சண்டைக்கும் மருந்தாகச் சொல்கிறோம். கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் மோதலைக் கையாளும் முறைகளை ஐந்தாகப் பிரித்தபோது அதில் விட்டுக்கொடுப்பது ஒன்று மட்டுமே. மோதி ஜெயிப்பது, ஒதுங்கிப் போவது, பாதிப் பாதி, சேர்ந்து வழி தேடுவது என்று மீதி நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. ஆனால் பக்கத்து அறை ஜன்னல் கண்ணில் பட வேண்டுமென்றால் 'உனக்கு ஏன் ஜன்னல் திறக்கணும்?' என்று யாராவது கேட்க வேண்டும். சண்டையின் நடுவில் அந்தக் கேள்வி ஏன் வாயில் வருவதில்லை? உணர்வு நுண்ணறிவு வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். முகத்தை இறுக்கிக்கொள்வதில் செலவழிக்கும் சக்தியில் பாதி போதும்.

விடியற்காலை, அவருக்கு நைட் ஏன் வேண்டாம் என்று கேட்டீர்களா?


விடியற்காலை
வியாழன், இரவு 10.05

இல்லை. எல்லாருக்கும்தான் நைட் வேண்டாம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.


பழைய பேனா
வியாழன், இரவு 10.20

போய்ப் பேசுவதற்கு முன் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈலை ஃபிங்கல் குழு 120 தம்பதிகளை இரண்டு வருடம் தொடர்ந்தது, 2013இல் வெளிவந்தது. பாதிப் பேரிடம் இரண்டாம் வருடத்தில் மூன்று முறை, ஏழு ஏழு நிமிடம், தங்கள் சண்டையை ஒரு மூன்றாம் ஆள் பார்த்தால் எப்படிச் சொல்வார் என்று எழுதச் சொன்னார்கள். அந்த மூன்றாம் ஆள் இருவருக்கும் நல்லது நினைப்பவராக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. எழுதாத பாதியினரின் மணவாழ்வில் திருப்தி தொடர்ந்து சரிந்துகொண்டே போனது. எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது. மொத்தமே 21 நிமிடம். உங்களுக்கு ஏழு போதும்.


நெறியாளர்
வெள்ளி, காலை 9.00

இழை நன்றாகப் போகிறது. வேறு யாரோ ஒருவரின் மேலதிகாரியைப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை மட்டும் நீக்கியிருக்கிறேன்.


விடியற்காலை
ஞாயிறு, மாலை 5.30

எழுதினேன். ஏழு நிமிடம் என்றீர்கள், நான்கு நிமிடத்தில் கை நின்றுவிட்டது. மூன்றாம் ஆளாக எழுதினால், 'இன்சார்ஜ் சிஸ்டர் தன் தப்பு தெரிந்ததும் பேச்சை நிறுத்தினார்' என்ற வரியைத் தாண்டி எதுவும் வரவில்லை.

நேற்று டியூட்டி முடிந்ததும் லின்னன் ரூமில் தனியாகப் பிடித்தேன். "அன்னிக்கு லிஸ்ட்ல தப்பு என்னுது. நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, எல்லார் முன்னாடியும் ஒத்துக்க ரோஷமா இருந்துச்சு" என்றேன். ரோஷம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லும்போது காது சூடானது. அவர் மடித்துக்கொண்டிருந்த பெட்ஷீட்டைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இரண்டு மடித்தார்.

பிறகுதான் சொன்னார். அவருக்கு நைட் ஒரு பிரச்சினையே இல்லையாம், பகலைவிட அதுதான் வசதியாம். புதன் இரவு மட்டும் முடியாது. வியாழன் காலை எட்டு மணிக்கு மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். மூன்று வாரமாக அது விட்டுப்போயிருக்கிறது. மகன் புதிதாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்த வார்த்தைகள் திரும்பத் தடுமாறுகின்றன. இன்னொன்றும் சொன்னார். லிஸ்ட்டை அவர் பார்த்தது ஒரு ஜூனியர் அனுப்பிய படத்தில். "அக்கா, உங்களுக்கு மறுபடியும் நைட்" என்று சிரிக்கும் பொம்மையோடு அனுப்பியிருக்கிறாள். அவருக்கும் ரோஷம்தான்.

புதன் இரவுக்கு வேறு ஆள் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.


சும்மா ஒரு ஆள்
ஞாயிறு, மாலை 6.02

அப்போ சமாதானமா?


விடியற்காலை
ஞாயிறு, இரவு 8.44

அப்படிச் சொல்ல முடியாது. கிளம்பும்போது கதவருகே நின்று, "லிஸ்ட் மாத்தினதுக்கு தேங்க்ஸ் சிஸ்டர். ஆனா எமோஷனலா இருக்கீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது இன்னும் உள்ள இருக்கு" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினேன். இந்தத் தடவை முகத்தை மூடவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடி இல்லை, உறுதியாகத் தெரியாது.


எதிர்க்காற்று
ஞாயிறு, இரவு 9.15

அவர் அதைச் சொன்னாரே, அதுவே பெரிது. சுவரிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லிஸ்ட்டை ஒட்டுவதற்கு முன் எல்லாருக்கும் ஒரு வரைவு அனுப்பலாமே? பேனா உங்களிடமே இருக்கட்டும், காகிதத்தையாவது காட்டுங்கள்.


விடியற்காலை
வியாழன், காலை 7.05

அனுப்பினேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் மாற்றம் கேட்டார்கள், தலை சுற்றுகிறது. அந்த சிஸ்டரிடமிருந்து வந்த பதில் 'ம்.' முற்றுப்புள்ளியோடு. இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் நேராகப் போய், "அந்த ம்முக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"போன்ல சார்ஜ் இல்ல சிஸ்டர்" என்றார்.

ஹேண்ட்ஓவர் ஆரம்பித்துவிட்டது, வருகிறேன்.